அப்பா, அம்மாவோடு கப்பல் பயணமா? எந்த அறை எடுப்பது? புக் செய்யும் முன் கவனிக்க வேண்டியவை!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கப்பல் ஒன்றும் புதிதில்லை. கடற்கரைச் சாலையில் போகும்போதே தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் கண்ணில் படும். தெருவுக்கு நாலு பேராவது துறைமுகத்திலோ, அதை நம்பி இருக்கும் கம்பெனிகளிலோ வேலை பார்த்திருப்பார்கள். ஆனால், அதே கப்பலில் பயணியாக ஏறிப் படுத்துத் தூங்கியவர்கள் குறைவுதான்.

அதனால்தான், பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் "அப்பா, அம்மாவை ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்" என்ற ஆசை இந்தப் பகுதி வீடுகளில் இயல்பாகவே வருகிறது. டிக்கெட் போட உட்கார்ந்தால் முதல் குழப்பம், எந்த அறை? இன்டீரியர், ஓஷன் வியூ, பால்கனி, சூட் என்று வரிசையாகப் பெயர்கள். பெரும்பாலானோர் விலையைப் பார்த்து ஒன்றைத் தேர்வு செய்துவிடுகிறார்கள்.

இளைஞர்களுக்கு அது போதும். 70 வயதைத் தாண்டியவர்களுக்குப் போதாது. கப்பலில் பகல் முழுக்கப் பிள்ளைகள் கூடவே இருப்பார்கள். ராத்திரி 2 மணிக்கு, ஆடும் தரையில், இருட்டில் பாத்ரூம் தேடி எழுந்திருக்கும்போது அவர்கள் தனியாகத்தான் இருப்பார்கள். அறையைத் தேர்வு செய்வது உண்மையில் அந்த நேரத்துக்காகத்தான்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 74 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். முழங்கால் வலி, புரோஸ்டேட் பிரச்னை. அம்மாவுக்கு 68, சுகர், இன்சுலின் போடுகிறார். மகன், மருமகள், ஒரு பேரன். இவர்கள் எந்த அறை எடுக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து என்னென்ன கப்பல்கள்?

இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, சுற்றுலாவுக்கான சொகுசுக் கப்பல். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் பயணத்தை 2022 ஜூன் 4-ம் தேதி சென்னை துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போனது. அதையொட்டி 17.21 கோடி ரூபாயில் கட்டப்பட்ட பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது. சொகுசுக் கப்பல்கள் வருடம் முழுக்க இங்கேயே இருப்பதில்லை. சீசனுக்கு வந்து போகும். அதனால் அந்தந்த வருட அட்டவணையைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

இன்னொன்று, சென்னை - போர்ட் பிளேர் இடையிலான அந்தமான் பயணிகள் கப்பல். இது சுற்றுலாக் கப்பல் அல்ல, போக்குவரத்துக் கப்பல். போய்ச்சேர சுமார் 60 மணி நேரம் ஆகும். 2024-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுவிட்டது.

நம் ஊர்ப் பெரியவர்களிடம் கப்பல் என்றால் மூன்றாவதாக ஒன்றும் ஞாபகத்தில் இருக்கும். மெட்ராஸிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போன 'ரஜூலா', அதற்குப் பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்'. ரஜூலாவில் ஏழை மக்கள் 'டெக்' பயணிகளாகப் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்துடன் அந்தப் பயணிகள் சேவை நின்றுபோனது. "கப்பல்னா பயமா இருக்குப்பா" என்று பெரியவர்கள் சொன்னால் அதற்கு இப்படி ஒரு பின்னணி இருக்கலாம். சிரித்துவிட்டுக் கடந்துபோக வேண்டாம். உட்கார்ந்து பேசுங்கள்.

அறைகளில் என்ன வித்தியாசம்?

சொகுசுக் கப்பல்களில் பொதுவாக நான்கு வகை.

இன்டீரியர்: கப்பலின் உள்பக்கம் இருக்கும் அறை. ஜன்னல் கிடையாது. விலை குறைவு.

ஓஷன் வியூ: கடல் தெரியும் கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஜன்னலைத் திறக்க முடியாது.

பால்கனி: கதவைத் திறந்து வெளியே உட்காரலாம். 1990-ல் கட்டப்பட்ட எம்ப்ரஸ் போன்ற பழைய கப்பல்களில் இவை குறைவு. சில கப்பல்களில் மினி சூட் என்ற பெயரில் வரும்.

சூட்: பெரிய அறை, தனியாக சோபா. விலை அதிகம்.

இவை தவிர, பல கப்பல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளும் இருக்கும். அகலமான கதவு, படி இல்லாத குளியலறை, சுவரில் கைப்பிடி என்று அமைத்திருப்பார்கள். எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். சக்கர நாற்காலியோ வாக்கரோ பயன்படுத்துபவர் என்றால் முதலில் கேட்க வேண்டியது இந்த அறையைத்தான். இணையதளத்தில் தெரியாவிட்டால் போன் போட்டுக் கேளுங்கள்.

எந்த இடத்தில் ஆட்டம் குறைவு?

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். காசிமேட்டில் ஃபைபர் படகில் போனவர்களுக்கு, அணியத்தில், அதாவது முன்முனையில் உட்கார்ந்தால் எப்படித் தூக்கிப் போடும் என்று தெரியும். பெரிய கப்பலிலும் இதே கணக்குதான்.

அலையில் கப்பல் சீ-சா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்கும். பலகையின் இரண்டு நுனிகளிலும் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. அதேபோல் பக்கவாட்டிலும் சாயும். அப்போது உயரமான தளங்களில் இருப்பவர்களுக்கு ஆட்டம் கூடுதலாகத் தெரியும். தென்னை மரம் காற்றில் ஆடும்போது உச்சிதானே அதிகம் ஆடுகிறது?

ஆக, ஆட்டம் குறைவான இடம் கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளங்கள். உச்சித் தளத்தில் இருக்கும் பால்கனி அறையைவிட, கீழ்த்தளத்தில் நடுவில் இருக்கும் சாதாரண ஜன்னல் அறை வயதானவர்களுக்கு வசதியாக இருக்கும். விலையும் பல நேரம் குறைவாகவே இருக்கும். "காசு அதிகம் கொடுத்தா நல்ல அறை" என்ற கணக்கு இந்த ஒரு விஷயத்தில் சரிவராது.

அதற்காக அடித்தளத்துக்கே போய்விடவும் வேண்டாம். கீழ்த்தளத்தின் பின்பகுதியில் இன்ஜின் அதிர்வும் சத்தமும் கேட்கலாம். முன்முனையில் நங்கூரம் இறக்கும்போது சங்கிலிச் சத்தம் தூக்கத்தைக் கலைக்கும். இது துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! தலைக்கு மேலே நீச்சல் குளமோ, காலுக்குக் கீழே பாட்டு, டான்ஸ் நடக்கும் ஹாலோ இருந்தாலும் தூக்கம் போச்சு. கப்பலின் தளவரைபடத்தை எடுத்து, உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி.

ஜன்னல் அவசியமா?

"தூங்கத்தானே போறோம், ஜன்னல் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இளவயதினருக்குச் சரி. இன்டீரியர் அறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா, இல்லையா என்றே தெரியாது. புது இடம், இருட்டு, தரை வேறு ஆடுகிறது. மறதி நோய் உள்ளவர்களும், பார்வை மங்கியவர்களும் இதில் ரொம்பவே குழம்பிப்போவார்கள். நடுராத்திரியில் எழுந்து "இது எந்த இடம்?" என்று பதறும் நிலை வரலாம்.

குமட்டல் வரும் நேரத்திலும் தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்தால் பலருக்குக் கொஞ்சம் தேவலாம் என்றிருக்கும். அதற்கும் ஜன்னல் உதவும். முடிந்தவரை பெரியவர்களுக்கு ஓஷன் வியூ அறை எடுங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பெரியவர்களுக்கு மட்டும் ஜன்னல் அறை, மற்றவர்களுக்கு இன்டீரியர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்டீரியர்தான் கிடைத்தது என்றால், பிளக்கில் செருகும் சின்ன நைட் லேம்ப் ஒன்றை எடுத்துப்போங்கள். கப்பலில் பிளக் பாயின்ட் வேறு மாதிரி இருக்கலாம் என்பதால் பேட்டரி விளக்கு இன்னும் நல்லது. பாத்ரூம் விளக்கை எரியவிட்டுக் கதவை லேசாகத் திறந்து வைப்பதும் ஒரு வழி.

பால்கனி அறை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால்கனி வாசலில் உயரமான தடுப்புப்படி இருக்கும். கடல் காற்றின் அழுத்தத்தில் அந்தக் கதவும் கனமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர் தனியாகத் திறந்துகொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இடம் பாத்ரூம்தான்

அறையின் போட்டோவைப் பார்க்கும் யாரும் பாத்ரூம் போட்டோவைத் தேடிப் பார்ப்பதில்லை. வயதானவர்கள் கீழே விழுவது பெரும்பாலும் அங்கேதான், அல்லது அங்கே போகிற வழியில்தான்.

கப்பல் பாத்ரூம் மிகச் சின்னது. தண்ணீர் அறைக்குள் வழியாமல் இருக்க வாசலில் சில அங்குல உயரத்துக்குப் படி வைத்திருப்பார்கள். வீட்டில் இல்லாத அந்தப் படி, தூக்கக் கலக்கத்தில் காலைத் தட்டிவிடும். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் எத்தனை மாதம் படுக்கையில் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொந்தபந்தத்தில் பார்த்ததுதான். நடுக்கடலில் விழுந்தால் ஆம்புலன்ஸும் வராது.

அதனால் புக் செய்யும் முன் இவற்றைக் கேளுங்கள்: பாத்ரூம் வாசலில் படி உண்டா, எவ்வளவு உயரம்? உள்ளே கைப்பிடி இருக்கிறதா? ஷவரில் உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் தருவார்களா? கதவின் அகலம் எவ்வளவு? சாதாரண சக்கர நாற்காலியே 60 செ.மீ-க்கு மேல் அகலம் இருக்கும். உங்கள் வீட்டு நாற்காலியை டேப் வைத்து அளந்துவிட்டு, அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "போகும் சார், போகும்" என்ற பதிலை நம்பாதீர்கள்.

நம் உதாரணக் குடும்பத்தில் அப்பாவுக்குப் புரோஸ்டேட் பிரச்னை. ராத்திரியில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பார். ஆகவே, பாத்ரூம் பக்கமாக இருக்கும் கட்டில் அவருக்கு. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் பெட்டி, செருப்பு, சார்ஜர் வயர் எதுவும் இருக்கக் கூடாது. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். வழவழப்பான ஹவாய் செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள செருப்பு போதும்.

லிஃப்ட் எவ்வளவு தூரம்?

எம்ப்ரஸ் கப்பலின் நீளம் சுமார் 211 மீட்டர், தளங்கள் 11. பீச் ஸ்டேஷனில் நிற்கும் மின்சார ரயிலில் ஏறக்குறைய பத்துப் பெட்டி நீளம். ஒரு முனையில் அறை, இன்னொரு முனையில் சாப்பாட்டு ஹால் என்றால், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் போய்வர பெரியவர்கள் எவ்வளவு நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் நாளே "எனக்குப் பசிக்கல, நீங்க போய் சாப்பிடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். பசி இல்லாமல் சொல்வதல்ல, கால் வலியில் சொல்வது.

லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை இருப்பது நல்லது. ஆனால், லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே இருந்தால் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டச் சத்தம் கேட்கும். நான்கைந்து அறை தள்ளி இருந்தால் சரி.

'கேரன்டி' என்ற பெயரில் விலை குறைவான டிக்கெட் சில நிறுவனங்களில் இருக்கும். அறை நிச்சயம் உண்டு, எந்த அறை என்பதை நிறுவனமே முடிவு செய்யும். பெரியவர்களோடு போகும்போது இதைத் தவிர்த்துவிடுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாலும், அறை எண்ணை நாமே தேர்வு செய்யும் டிக்கெட்டே நல்லது.

எல்லோரும் ஒரே அறையா, தனித்தனியா?

நான்கு பேர் தங்கும் அறை என்றால் நான்கு கட்டில் தரையில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டு கட்டில் கீழே, இரண்டு மேலே. மேல் கட்டில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். ரயிலில் அப்பர் பெர்த் மாதிரிதான். பெரியவர்களுக்குக் கீழ்க்கட்டில் என்பதைக் குடும்பத்துக்குள் முதலிலேயே பேசிவிடுங்கள். மேல் கட்டிலை இறக்கிவிட்டால் கீழே படுத்திருப்பவர் நிமிர்ந்து உட்காரும்போது தலை இடிக்கலாம். நடக்கும் இடமும் குறையும்.

பெரியவர்கள் இருவருக்கும் தனி அறை, பிள்ளைகளுக்கு அடுத்த அறை என்பது இருதரப்புக்கும் நிம்மதி. இடையில் உள்கதவு இருக்கும் இணைப்பு அறைகள் சில கப்பல்களில் உண்டு. பக்கத்துப் பக்கத்து அறை என்பது வேறு, இணைப்பு அறை என்பது வேறு. கேட்கும்போது "நடுவில் கதவு இருக்கிறதா?" என்றே கேட்டுவிடுங்கள். 

பெற்றோரில் ஒருவர் மட்டும் வருகிறார் என்றால், அவரைத் தனி அறையில் விடுவதைவிட, பேரனையோ பேத்தியையோ கூடப் படுக்க வைப்பது நல்லது. "பாட்டிக்குத் துணையா நீதான்" என்று சொன்னால் பிள்ளைகளும் பொறுப்பாக இருப்பார்கள்.

அந்தமான் கப்பல் என்றால்?

இங்கே கணக்கே வேறு. டீலக்ஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ், பங்க் என்று வகுப்புகள் இருக்கும். டீலக்ஸில் இரண்டு கட்டில், உள்ளேயே பாத்ரூம். வகுப்பு குறையக் குறைய ஒரே அறையில் படுப்பவர்களின் எண்ணிக்கை கூடும். பங்க் என்பது பெரிய ஹாலில் அடுக்குப் படுக்கை. பாத்ரூம் பொதுவானது, நடந்து போக வேண்டும். கப்பலுக்குக் கப்பல் அமைப்பு மாறும்.

பங்க் டிக்கெட் விலை மிகக் குறைவு. இளைஞர்களுக்கு அது ஒரு அனுபவம். 60 மணி நேரப் பயணத்தில், ராத்திரி நான்கு முறை எழுந்திருக்கும் ஒருவருக்கு அது சரிப்படாது. பெரியவர்களோடு போவதாக இருந்தால் உள்ளேயே பாத்ரூம் உள்ள அறை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் தேதியை மாற்றுங்கள், அல்லது விமானத்தில் போய்விட்டு அங்கே தீவுக்குத் தீவு போகும் சின்னக் கப்பலில் ஏற்றிக் காட்டுங்கள். கப்பல் ஆசையும் நிறைவேறும், உடம்பும் கெடாது.

எந்த மாதம் போகலாம்?

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். வங்கக் கடல் அப்போது கொந்தளிப்பாக இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுவாக அமைதியாக இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பை, கோவா, கொச்சி பக்கம் அரபிக் கடல் சீறும். அந்த நேரத்தில் சென்னைக் கரையோரம் ஒப்பீட்டளவில் பரவாயில்லை. 2022, 2023 இரண்டு வருடமும் ஜூனில் சொகுசுக் கப்பல் சென்னைக்கு வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அதே மாதங்களில் இலங்கையின் தென்முனையில் இருக்கும் அம்பாந்தோட்டைப் பக்கம் பருவக்காற்று நேரடியாகப் படும். அந்தமான் கடலும் அப்போது சாதுவாக இருக்காது. எங்கே போகிறோம், எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்து, 'நடுப்பகுதி, கீழ்த்தளம்' என்ற விதியின் அவசியம் கூடும்.

மருந்து, டாக்டர், அவசரம்

சொகுசுக் கப்பல்களில் மருத்துவ அறையும் டாக்டரும் இருப்பார்கள். முதலுதவி, சாதாரண சிகிச்சை வரைதான். அதற்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம். மாரடைப்பு, எலும்பு முறிவு என்றால் கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடல் பயணத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சுகர், பிபி, இதயப் பிரச்னைகளை மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் பணம் கேட்கும்போது சிக்கல் வரும்.

இன்சுலின் போடுபவர் என்றால் அறையில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மருத்துவ அறையில் வைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். மருந்துகளைப் பெரிய பெட்டியில் போட வேண்டாம். கப்பலில் ஏறும்போது பெட்டிகளைத் தனியாக வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தே அறைக்கு அனுப்புவார்கள். மருந்து எப்போதும் கைப்பையில். தூங்கும்போது மூச்சுக்கருவி போடுபவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் உண்டா என்று கேட்க வேண்டும். வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தீ ஆபத்து காரணமாகப் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை.

குமட்டலுக்கு மெடிக்கல் ஷாப்பில் அவோமின் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொள்வது நம் ஊர் வழக்கம். பெரியவர்கள் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இவை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். வயதானவர்களுக்குக் குழப்பமும் வரலாம். புரோஸ்டேட் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். நம் உதாரணத்தில் உள்ள அப்பாவுக்கு ராத்திரி இந்த மாத்திரையைக் கொடுத்து, பாத்ரூம் வாசலில் படியும் இருந்தால், விழுவதற்கு நாமே வழி செய்துகொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒத்திகையைத் தவிர்க்காதீர்கள்

கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சர்வதேச விதி கடுமையாக்கப்பட்டது.

"அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும், நாம மட்டும் போயிட்டு வரலாம்" என்று விட்டுவிடாதீர்கள். அவசர நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அறையிலிருந்து கூடும் இடத்துக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். கூடும் இடத்திலிருந்து ஓரிரு தளத்துக்குள் இருக்கும் நடுப்பகுதி அறைதான், ஆட்டத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்துப் பொருத்தமானது. நடக்க உதவி தேவைப்படுபவர் என்றால், அதை டிக்கெட் போடும்போதே எழுத்து மூலம் தெரிவியுங்கள். கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் இன்னொரு முறை சொல்லுங்கள்.

இறங்கும் இடம், ஏறும் இடம்

எல்லா ஊரிலும் கப்பல் கரையில் அணைந்து நிற்காது. லட்சத்தீவு போன்ற இடங்களில் கப்பல் தள்ளி நிற்க, பயணிகளைச் சின்னப் படகில் மாற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஆடும் படகில் கால் வைக்க முடியாத பெரியவர்கள் அன்று முழுக்கக் கப்பலிலேயே இருக்க வேண்டிவரும். அப்படி ஒரு நாள் இருந்தால் ஜன்னல் அறையின் அருமை புரியும். எந்தெந்த ஊரில் படகில் மாற வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல், துறைமுகம் வரை போய்ச்சேருவது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து வருபவர்களுக்குக் கன்டெய்னர் லாரி வரிசையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிளம்பும் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் மண்ணடி வரை வந்து அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருப்பதால் பெரியவர்களுக்கும் சிரமம் இல்லை. எந்த கேட் வழியாக அனுமதி, வண்டி முனையம் வரை போகுமா, சக்கர நாற்காலி தருவார்களா என்பதை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலே அப்பாவின் முழங்கால் அன்றைய பயணத்தை முடித்துவிடும்.

அப்படியானால், நம் குடும்பத்துக்கு எந்த அறை?

பெரியவர்கள் இருவருக்கும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், லிஃப்டுக்கு நான்கைந்து அறை தள்ளி ஒரு ஓஷன் வியூ அறை. இரண்டும் கீழ்க்கட்டில். பாத்ரூம் பக்கக் கட்டில் அப்பாவுக்கு. பாத்ரூமில் கைப்பிடி உள்ள அறையாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த அறையோ எதிர் அறையோ மகன் குடும்பத்துக்கு, அது இன்டீரியராக இருந்தாலும் பரவாயில்லை. பால்கனிக்குப் போகும் பணத்தை இந்த இரண்டாவது அறைக்கும் காப்பீட்டுக்கும் திருப்பிவிடலாம்.

போன் போடும்போது கேட்க வேண்டியவை:

* அறை எண் என்ன? கப்பலின் முன், நடு, பின் - எந்தப் பகுதி?
* மேலே, கீழே என்ன இருக்கிறது?
* லிஃப்டும் சாப்பாட்டு ஹாலும் எவ்வளவு தூரம்?
* பாத்ரூம் வாசலில் படி உண்டா? கைப்பிடி உண்டா? கதவின் அகலம் என்ன?
* கட்டில்கள் எல்லாம் தரையில் இருப்பவையா?
* ஃபிரிட்ஜ், பிளக் பாயின்ட் எங்கே?
* அவசரத்தில் கூடும் இடம் எந்தத் தளத்தில்?
* எந்த ஊரில் படகில் மாற வேண்டும்?
* உடல்நிலை காரணமாக ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்?

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "உங்களுக்கு எந்த அறை வேணும்?" என்று கேட்டால், "எனக்கு எதுவா இருந்தா என்னப்பா, செலவு கம்மியா பாரு" என்றுதான் பதில் வரும். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறேன், படியில் கால் எடுத்து வைக்க எவ்வளவு வலிக்கிறது, இருட்டில் எவ்வளவு தெரிகிறது என்று பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. கூச்சம் ஒரு காரணம். சொன்னால் கூட்டிப்போக மாட்டார்களோ என்ற பயம் இன்னொரு காரணம்.

அதனால், டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு ராத்திரி அவர்கள் வீட்டில் படுத்துக் கவனியுங்கள். எப்போது எழுந்திருக்கிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், விளக்கைப் போடுகிறார்களா, அம்மா அப்பாவைத் தாங்கிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். எந்த அறை வேண்டும் என்பது அந்த ஒரு ராத்திரியிலேயே தெரிந்துவிடும். பிறகு தளவரைபடத்தை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கப்பலைக் கரையிலிருந்தே பார்த்துப் பழகிய அப்பா, எந்தப் பக்கம் ஆடும், எந்தப் பக்கம் சத்தம் வரும் என்று அவரே விரல் வைத்துக் காட்டினாலும் ஆச்சரியமில்லை.